ஒலிம்பிக்ஸ் பார்க்க எது: டிவி சேனலா, ஆப்பா, தூர்தர்ஷனா?

2024 ஆகஸ்ட் 8 நள்ளிரவு. பாரிஸில் ஆண்கள் ஈட்டி எறிதல் இறுதிச்சுற்று தொடங்கிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. நம்மில் பலரும் நீரஜ் சோப்ராவுக்காகத்தான் கண்விழித்திருந்தோம். அதே மைதானத்தில், அடுத்த ஒரு மணி நேரத்துக்குள், லெட்சிலே டெபோகோ 200 மீட்டரை 19.46 விநாடியில் ஓடி போட்ஸ்வானாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கிக் கொடுத்தார். சிட்னி மெக்லாலின் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 50.37 விநாடியில் முடித்துத் தன் உலக சாதனையைத் தானே முறியடித்தார். பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து தங்கத்தைத் தட்டிச் சென்றார். நீரஜுக்கு 89.45 மீட்டர், வெள்ளி. இதில் யார் யாரை நேரலையில் பார்த்தோம் என்பது எதில் பார்த்தோம் என்பதைப் பொறுத்தே அமைந்தது.

ஒன்றைத் தெரிந்துகொண்டால் இந்த ஒப்பீடு எளிது. ஒலிம்பிக்ஸைப் படம் பிடிப்பது நம் சேனல்கள் அல்ல. ஒலிம்பிக் கமிட்டி 2001-இல் தொடங்கிய ஒலிம்பிக் பிராட்காஸ்டிங் சர்வீசஸ் என்ற நிறுவனம்தான் எல்லா அரங்குகளிலும் கேமரா வைத்து, வர்ணனை இல்லாத ஒளிபரப்பை உலகம் முழுக்க அனுப்புகிறது. ஆக, சேனலுக்கும் ஆப்புக்கும் மூலப்படம் ஒன்றுதான். எதைக் காட்டுவது என்று யார் முடிவு செய்கிறார்கள், அது எவ்வளவு சீக்கிரம் வீட்டுக்கு வருகிறது, எந்த மொழியில் வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

நேரத்தைப் பொறுத்தவரை டிவிதான், சந்தேகமே இல்லை. செயற்கைக்கோள் வழியாக வரும் ஒளிபரப்பு சில விநாடிகளே பின்தங்கும். ஆப்பில் வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புவார்கள். நம் போன் இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகுதான் ஓட்டும். இதிலேயே அரை நிமிடம் போய்விடலாம். ஈட்டி எறிதலில் இது பெரிய விஷயமில்லை. ஹாக்கியில் உயிரை எடுக்கும். ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியை நினைத்துப் பாருங்கள். 17-ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. அதன் பிறகு பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து 1-1 என்று முடித்து, ஷூட்அவுட்டில் 4-2 என்று ஜெயித்தோம். ஷூட்அவுட்டில் ஒரு வீரருக்குக் கிடைப்பது 8 விநாடி. நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் இன்னும் கோல் எல்லையிலிருந்து முன்னே வரவே இல்லை, அதற்குள் கேபிள் வைத்திருக்கும் மேல்வீட்டில் கூச்சல் கேட்டுவிட்டால் உங்கள் ஆட்டம் அங்கேயே முடிந்தது. குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது "போச்சு" என்று ஒரு வார்த்தை போட்டாலும் இதே கதிதான். இந்தியா ஆடும் ஹாக்கி, பேட்மிண்டன் போன்றவற்றுக்கு நான் டிவியைத்தான் சொல்வேன்.

ஆனால் சேனலில் தேர்வு நம் கையில் இல்லை. பதக்க வாய்ப்புள்ள இந்தியர் களத்தில் இருந்தால் படம் அங்கேயே நிற்கும், அல்லது விளம்பரத்துக்குப் போகும். ஆகஸ்ட் 7 இரவு 11 மணி வாக்கில் மீராபாய் சானு பளுதூக்கிக்கொண்டிருந்தார். 199 கிலோ தூக்கி நான்காவது இடம் பிடித்தார். ஏறக்குறைய அதே நேரத்தில் நம் திருவாரூர் மாவட்டத்துப் பிரவீன் சித்ரவேல் மும்முறைத் தாண்டுதல் தகுதிச்சுற்றில் இருந்தார். தேசிய சாதனையான 17.37 மீட்டரைத் தன் பெயரில் வைத்திருக்கும் பையன். அன்றைக்கு அவருக்கு 16.25 மீட்டர்தான் வந்தது, இறுதிச்சுற்று கைநழுவியது. ஒரு சேனலில் இரண்டையும் எப்படி முழுதாகக் காட்ட முடியும்?

இங்கேதான் ஆப் ஜெயிக்கிறது. பாரிஸின்போது ஜியோசினிமாவில் விளையாட்டுக்கு ஒன்றாகத் தனித்தனி ஒளிபரப்புகள் இலவசமாகவே வந்தன. தாண்டுதல், எறிதல் போட்டிகளை முழுதாக உட்கார்ந்து பார்க்கும் சுகம் தனி. தாண்டுபவர் ஓடிவரும் தூரத்தைக் காலடி காலடியாக அளந்து, ஓரத்தில் அடையாளம் வைப்பார். பயிற்சியாளர் பார்வையாளர் பக்கத்திலிருந்து கையால் ஏதோ சைகை காட்டுவார். இவர் தலையாட்டிவிட்டு அடையாளத்தை அரை அடி பின்னால் நகர்த்துவார். ஃபவுல் ஏன் ஆகிறது, அடுத்த முறை என்ன மாறுகிறது என்று அப்போதுதான் புரியும். நீரஜின் ஆறு எறிதலில் ஐந்து ஃபவுல் என்பது ஸ்கோரில் வெறும் குறி. வரிசையாகப் பார்த்தவர்களுக்குத்தான் அவர் எவ்வளவு நெருக்கடியில் இருந்தார் என்று தெரியும். நம் பிள்ளைகள் பலர் பதக்கப் பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள். அவர்களைப் பார்க்க ஆப்பை விட்டால் வழியில்லை.

செலவையும் சொல்லவேண்டும். ஹெச்டியில் பார்த்தால் மணிக்கு ஒரு ஜிபிக்கு மேல் இழுக்கும். ஒரு ஹாக்கி மேட்ச்சுக்கே மொபைல் டேட்டாவின் அன்றைய ஒதுக்கீடு காலியாகலாம். வீட்டில் ஃபைபர் இருந்தால் மட்டுமே ஆப் நிம்மதி. 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகிவிட்டன. பாரிஸ் போல எல்லாம் இலவசம் என்ற நம்பிக்கையில் இனி இருக்க முடியாது.

தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ்ஷில் மாதக் கட்டணமே கிடையாது. ஒரு சிறிய டிஷ், ஒரு செட்டாப் பாக்ஸ், அவ்வளவுதான். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுகளின் நேரலையை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் பகிரவேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் அப்படிப் பெறும் ஒளிபரப்பை, ஆன்டெனாவில் பிடிக்கும் தரைவழியிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேபிள் வீட்டில் தூர்தர்ஷனின் டிடி ஸ்போர்ட்ஸை நம்பி உட்கார்ந்தால் ஏமாற வாய்ப்புண்டு. வர்ணனை இந்தி, ஆங்கிலம்தான். பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் பக்கத்திலிருந்து நாம்தான் சொல்லவேண்டும்.

தமிழ் வேண்டுமென்றால் டிவி பக்கம் வரலாம். டோக்கியோவுக்குச் சோனி டென் 4-இல் தமிழ் இருந்தது. பாரிஸுக்கு ஸ்போர்ட்ஸ்18-1 சேனலில் தமிழ் ஒலித்தடம் கொடுத்தார்கள். ஆங்கிலம்தான் வருகிறது என்று விட்டுவிடாதீர்கள், செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் மொழி மாற்றும் பட்டன் இருக்கும்.

இனி வரும் போட்டிகளுக்கு நேர வித்தியாசமே பாதி முடிவைச் சொல்லிவிடும். 2026 ஆசிய விளையாட்டு நடக்கும் நகோயா நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே மாலை 7 மணி என்றால் இங்கே மதியம் 3.30, பலரும் வேலையில் இருப்போம். கையில் போன் இருந்தால்தான் உண்டு. 2028 லாஸ் ஏஞ்சலஸ் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை 6 மணிக்கு நடக்கும் இறுதிப் போட்டி நமக்கு மறுநாள் காலை 6.30-க்கு வரும். அந்தக் காலை நேரத்துக்கு ஹாலில் டிவியில் தமிழ் வர்ணனை, விட்டுப்போன தாண்டுதலுக்கும் எறிதலுக்கும் இரவில் ஆப்பில் மறுஒளிபரப்பு. எங்கள் வீட்டில் இப்படித்தான் பார்க்கப்போகிறோம்.