ஏத்தன் தாருக்கும் நெல் மூட்டைக்கும் ஒரே பிக்கப் சரிவருமா? புதுசு, பழசு ஓர் அலசல்

பிக்கப் வாங்க யோசிப்பவர்கள் நம்ம திருநெல்வேலிப் பக்கம் எடுத்தவுடன் கேட்பது, “பொலிரோவா, தோஸ்தா, டாடாவா?” என்றுதான். என்னைக் கேட்டால் கம்பெனிப் பெயர் மூன்றாவதாக வரவேண்டியது. முதலில் என்ன லோடு, அப்புறம் மாசத்துக்கு எத்தனை கிலோமீட்டர். இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் புதுசா பழசா என்பதும் பாதி முடிவாகிவிடும்.

ஏத்தன் (நேந்திரன்) வாழைத் தார் ஏற்றுகிறவரை எடுத்துக்கொள்வோம். களக்காடு, திருக்குறுங்குடி, ஏர்வாடி பக்கம் தார் வெட்டி அடுக்கினால், எடை எல்லையைத் தொடும் முன்பே பாடி நிறைந்துவிடும். தாரை அமுக்கி அடுக்க முடியாது. காயில் அடிபட்டுக் கறுப்பு விழுந்தால் விலை போய்விடும். இவருக்கு வேண்டியது பாடியின் நீளம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் நெல் மூட்டையும் உரமும் சிமெண்டும் ஏற்றுகிறவருக்குக் கதை தலைகீழ். பாடி பாதிகூட நிறையாது, எடை முடிந்திருக்கும். அவர் பார்க்க வேண்டியது பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), ஆக்ஸில், இன்ஜின் இழுவை. இரண்டு பேரும் ஒரே வண்டியை “நல்ல வண்டி” என்று சொன்னால், யாரோ ஒருவர் நஷ்டப்படுகிறார் என்று அர்த்தம்.

புதுசு: எதற்கு எது

மஹிந்திரா பொலிரோ பிக்கப்பில் 2.5 லிட்டர், நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின். மூக்கு நீட்டிய பழைய உருவம், தனி சேஸ் (அடிச்சட்டம்), பின்னால் பட்டை. ஏற்றக்கூடிய லோடு கணக்கில் 1.3 டன், 1.7 டன் என்று வகைகள் உண்டு. 2022-இல் வந்த மேக்ஸ் வரிசையில் 2 டன் வரை போகிறது. இதன் பெரிய பலம் வண்டிக்கு வெளியே இருக்கிறது. நாங்குநேரியில் நின்றாலும் சங்கரன்கோவிலில் நின்றாலும் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கை பக்கத்திலேயே கிடைக்கும். பானெட்டைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது. விற்கப் போனாலும் ஆள் தேட வேண்டாம்.

அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-இல் வந்தது, ஓசூர் தயாரிப்பு. 1.5 லிட்டர், மூன்றே சிலிண்டர். டீசலை அளவாகக் குடிக்கும், மூக்கு குட்டை என்பதால் சந்துக்குள் திருப்ப லேசு. நயினார்குளம் மார்க்கெட்டில் விடியற்காலை கூட்டத்துக்குள் வண்டியைப் பின்னால் எடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் சித்திரை வெயிலில் கேபினுக்குள் சூடு ஏறும், சின்ன வேலைக்கும் சீட்டைத் தூக்க வேண்டும். அதன் அண்ணனான படா தோஸ்த் 2020-இல் வந்தது. தார் ஏற்றுகிறவருக்கு இந்தப் பாடி நன்றாகப் பொருந்துகிறது.

டாடாவில் இன்ட்ரா, யோதா இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்ட்ரா வி50, 1.5 டன் தாங்குகிற, 1.5 லிட்டர் இன்ஜின் வண்டி. தோஸ்துக்கு நேர் போட்டி. யோதா வேறு ரகம்: 2.2 லிட்டர், 100 குதிரைசக்தி, 250 நியூட்டன் மீட்டர் இழுவை. செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் முழு லோடோடு ஏறும்போது முதல் கியருக்குப் போகாமல் இழுக்க வேண்டும் என்றால் யோதாவை ஒருதரம் ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

இசுசு டி-மேக்ஸ் நல்ல கட்டுமானம், ஆனால் நம்ம பக்கத்து லோடு வாடகைக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. டொயோட்டா ஹைலக்ஸ் பற்றி இங்கே பேசவே வேண்டாம்; அது சொந்த உபயோகத்துக்கு வாங்குகிற வண்டி.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று பணகுடியிலிருந்தே பிடித்துக்கொள்ளும். காலிப் பெட்டிகளை உயரமாக அடுக்கித் தார்ப்பாய் கட்டிப் போனால் வண்டி பக்கவாட்டில் ஆடும். நாகர்கோவில் பக்கம் வாரத்துக்குப் பலமுறை போகிறவர்கள் பாடியின் உயரத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

விளம்பரத்தில் வராத ஒரு எண் இருக்கிறது: 3,000 கிலோ. வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை இதற்குள் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. படா தோஸ்தில் ஐ3 வகை 2,990 கிலோ, ஐ4 வகை 3,490 கிலோ. பார்த்தால் அண்ணன் தம்பி, ஆபீஸ் வேலையில் இரண்டும் வேறு. பெரியதை எடுத்துக் கேரளா ஓட்ட நினைத்தால் நேஷனல் பெர்மிட் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். “இன்னும் நாலு மூட்டை போடலாம் அண்ணாச்சி” என்று சொல்லிச் சின்ன வண்டியில் அதிக எடை ஏற்றுவது இதற்கு மாற்று வழி ஆகாது. 2019-இல் திருத்திய சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. லைசென்ஸ் விஷயத்தில் கவலை வேண்டாம். இலகு ரக வாகன லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

பழசு: பி.எஸ்.4, பி.எஸ்.6 என்று பிரித்துப் பாருங்கள்

பி.எஸ். என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்திருக்கும் கட்டுப்பாட்டு விதி. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 வந்தது. அதற்கு முந்தின பி.எஸ்.4 வண்டியையும் பிந்தின வண்டியையும் “பழசு” என்று ஒரே கூடையில் போடக் கூடாது.

பி.எஸ்.6 டீசல் வண்டியின் சைலன்சர் பாதையில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. வண்டி ஒரே சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அந்தச் சூட்டில் கரி எரிந்து ஃபில்டர் சுத்தமாகும். தோட்டத்திலிருந்து மார்க்கெட்டுக்கு எட்டு கிலோமீட்டர், திரும்பி வந்து இன்ஜின் ஆஃப் என்று ஓடுகிற வண்டியில் அது நடப்பதில்லை. டேஷ்போர்டில் விளக்கு எரியும், டிரைவர் கண்டுகொள்ள மாட்டார், ஒருநாள் வண்டி இழுவையை விட்டுவிடும். புது ஃபில்டர் விலை அதிகம் என்பதால் சில பட்டறைகளில் உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் மாட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டி உங்கள் கைக்கு வந்தால், பின்னால் வரும் செலவும் புகைப் பரிசோதனைத் தகராறும் உங்களுடையது. அதனால் சர்வீஸ் பில் முழுசாகக் கையில் இல்லாத பி.எஸ்.6 பழைய வண்டியை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

சொந்தத் தோட்டத்துக்கும் உள்ளூர் ஓட்டத்துக்கும் என்றால் 2018, 2019 பி.எஸ்.4 பொலிரோ பிக்கப் அல்லது தோஸ்த் நல்ல தேர்வு. ஆனால் வயதையும் பாருங்கள். எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று), அதற்கு மேல் வருஷா வருஷம். பெர்மிட் தேவைப்படும் 3,000 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு 12 வயது தாண்டினால் நேஷனல் பெர்மிட் கிடையாது. அதனால் கேரளா லைனுக்கு அப்படிப்பட்ட பழைய வண்டிகளை எடுக்காதீர்கள்.

இனி வண்டியைப் பார்க்கும் விதம். நம்ம பக்கத்தில் மூன்று வகை வண்டிகளுக்கு எச்சரிக்கை வேண்டும்.

முதலாவது, கடற்கரையில் ஓடியது. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை பக்கம் மீன் லோடு ஓடிய வண்டியில் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் பாடிப் பலகை இடுக்கு வழியாகச் சேஸ் மேல் சொட்டிக்கொண்டே இருந்திருக்கும். விற்கும் முன் சேஸுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்துவிடுவார்கள், மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். தச்சநல்லூர் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இதைப் பார்க்கும் விதத்தை நான் பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறேன். பெரிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். அதன் கைப்பிடியால் சேஸைத் தட்டிக்கொண்டே முன்னாலிருந்து பின்னால் நகர்வார். நல்ல இரும்பு ‘டங் டங்’ என்று கணீரெனக் கேட்கும். பின் சக்கரத்துக்கு மேலே, பட்டையைத் தாங்கும் கொக்கி சேஸோடு சேர்கிற இடத்தில் சத்தம் ‘சொத்’தென்று மாறினால் உடனே நிறுத்தி, முனையால் ஒரு சுரண்டு சுரண்டுவார். பெயிண்டோடு சேர்ந்து இரும்பும் செதில் செதிலாக உதிரும். அவ்வளவுதான், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “இது வேண்டாம்பா” என்பார். இன்ஜினைத் திறக்கக்கூட மாட்டார். அவர் செய்வது சரி. இன்ஜின் வேலையைச் செலவழித்து முடிக்கலாம், உப்புத் தின்ற சேஸை வெல்டிங் வைத்துக் காப்பாற்ற முடியாது.

இரண்டாவது, வெள்ளத்தில் நின்றது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்த மழையையும் தாமிரபரணி ஊருக்குள் வந்ததையும் யாரும் மறக்கவில்லை. அப்போது தண்ணீரில் நின்ற வண்டிகளும் கை மாறிக்கொண்டுதான் இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், வண்டல் கறை அங்கேதான் மிஞ்சும். கால்மிதிக்குக் கீழே உள்ள ரப்பர் விரிப்பைத் தூக்குங்கள். ஃபியூஸ் பெட்டிக்குள் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா, ஹெட்லைட்டுக்குள் வண்டல் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். 2023-க்கு முந்தின டி.என். 69 (தூத்துக்குடி), டி.என். 72 (திருநெல்வேலி) வண்டி என்றால் அந்த டிசம்பரில் இன்சூரன்ஸ் கிளைம் எதுவும் போட்டிருக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

மூன்றாவது, குவாரியிலும் செங்கல் சூளையிலும் ஓடியது. பட்டை நிமிர்ந்து தட்டையாகியிருக்கும், கூடுதலாக ஒரு பட்டை சேர்த்திருப்பார்கள், பாடியின் பின்கதவு நேராக மூடாது. மீட்டரில் குறைவான கிலோமீட்டர் காட்டினாலும் நம்ப வேண்டாம்.

இன்ஜினைப் பொறுத்தவரை ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால், மறுநாள் சொல்லாமல் போங்கள்.

பணக் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் 8 லட்சம் விலையுள்ள வண்டி முன்பு 10,24,000 ஆகியிருக்கும். இந்த விகிதத்தில் 9,44,000. எண்பதாயிரம் வித்தியாசம். அதற்கு முன் வாங்கியவர் பழைய வண்டியை விற்கும்போது, தான் 28 சதவீதம் வரி கட்டிய விலையை மனதில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். நீங்கள் இன்றைய புது விலையிலிருந்து கீழே வாருங்கள். சிமெண்ட், உரம், ஹார்டுவேர் வியாபாரி ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருந்தால் புது வண்டிக்குக் கட்டிய வரியைக் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். வாழைக்காயும் காய்கறியும் வரியில்லாப் பொருள் என்பதால் அந்த வியாபாரிக்கு இது கிடைக்காது.

டியூ விஷயத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். புது வண்டிக்கு 8 லட்சம் கடன், 10 சதவீத குறையும் வட்டி, ஐந்து வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாச டியூ சுமார் 17,000. பழைய வண்டிக்கு 5 லட்சம் மட்டுமே கடன், ஆனால் “நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிதான்” என்று மூன்று வருஷத்துக்குத் தருகிறார் ஒரு ஃபைனான்ஸ்காரர். டியூ சுமார் 18,900. சின்னக் கடனுக்குப் பெரிய டியூ! கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் முழு அசலுக்கும் வட்டி போடுவதால், அந்த ஒரு ரூபாய் வட்டி குறையும் வட்டிக் கணக்கில் கிட்டத்தட்ட 21 சதவீதம். பழைய வண்டியைக் கைப்பணத்தில் வாங்கினால் லாபம். முக்கால்வாசி கடனில் வாங்கினால் புதுசே மேல்.

ஓட்டம் மாசம் 3,000 கிலோமீட்டர் என்றால் மைலேஜும் டியூ மாதிரிதான். லிட்டருக்கு 12 தருகிற வண்டிக்கு 250 லிட்டர், 15 தருகிற வண்டிக்கு 200 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டாலும் மாசம் 4,600 மிச்சம். ஓட்டமே 600 கிலோமீட்டர் என்றால் இதே வித்தியாசம் 920 ரூபாய்க்குச் சுருங்கிவிடும். அப்போது மைலேஜைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை.

ஆக, ஏத்தன் தாரோடு வாரம் முழுக்கக் கேரளா ஓடுகிறவர் புதுசாகப் படா தோஸ்த் ஐ3 எடுக்கட்டும். முழு எடையோடு மலை ஏறுகிறவர் யோதாவையும் 1.7 டன் பொலிரோவையும் அடுத்தடுத்த நாள் ஓட்டிப் பார்க்கட்டும். பத்து ஏக்கர் வைத்துக்கொண்டு தன் விளைச்சலையும் பக்கத்து வயல்காரர் மூட்டையையும் வண்டி வாடகைக்கு ஏற்றுகிறவர், தெரிந்தவர் கையிலிருந்து பி.எஸ்.4 வண்டியைக் கைப்பணத்தில் வாங்கட்டும்.

கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஆட்களைப் பாடியில் ஏற்றிப் போகலாம் என்ற எண்ணத்தோடு எந்தப் பிக்கப்பையும் வாங்காதீர்கள். சரக்குப் பாடியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு, அடிபட்டால் இன்சூரன்ஸ் கைவிடும். எத்தனை குடும்பங்கள் இப்படிப் போய்ச் சிதைந்திருக்கின்றன! ஆளும் லோடும் சேர்ந்து போக வேண்டும் என்றால் பொலிரோ கேம்பர் மாதிரி இரட்டைக் கேபின் வண்டி இருக்கிறது, ஆர்.சி.யில் உள்ள எண்ணிக்கைக்கு மட்டும்.

கடைசியாகக் காகிதம். பழைய வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் எம்-பரிவாகன் செயலியில் எஃப்.சி., இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இ-சலான் நிலுவையையும் பாருங்கள். பெயர் மாற்ற 29, 30-ஆம் படிவங்கள், ஃபைனான்ஸ் நீக்க 35-ஆம் படிவம். கேரளப் பதிவு வண்டி விலை குறைவாகத் தெரிந்தால், அங்கிருந்து தடையின்மைச் சான்று, இங்கே மறுபதிவு, வரி எல்லாம் கூட்டிப் பார்த்தபின் பேரம் பேசுங்கள். விற்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், 35-ஆம் படிவம் ஃபைனான்ஸ் கம்பெனி முத்திரையோடு கைக்கு வரும் வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.