போர்வெல் பைப் வாங்க சூரமங்கலம் பக்கம் ஒரு நல்ல கடை

விலை கேட்கும் முன்பே "தண்ணி எப்படிங்க, உப்பா நல்ல தண்ணியா?" என்று கேட்ட பைப் கடைக்காரரைச் சேலத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். அதற்கே முழு மார்க் கொடுப்பேன்.

நான் அபுதாபியில் எண்ணெய்க் கிணறுகளில் குழாய் இறக்கும் வேலையில் இருந்தவன். அங்கேயும் கிணற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் குழாயைத் தேர்ந்தெடுப்பார்கள். கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து அமிலமாகி, சாதா எஃகின் உட்சுவரைத் தின்றுவிடும். அதற்கு 13 சதவீதம் குரோமியம் சேர்ந்த குழாய் தாங்கும். ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் அதுவும் உதவாது. வெளியே பெரிதாகத் துருவே தெரியாமல், திடீரென்று விரிசல் விட்டு முறியும். எஃகு கடினமாக ஆக ஆக இந்த ஆபத்தும் கூடும். அங்குள்ள ஷா எரிவாயு வயலில் வரும் வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு மட்டுமே சுமார் 23 சதவீதம். அப்படிப்பட்ட இடத்துக்கு நிக்கல் நிறைய சேர்ந்த உலோகக் கலவைதான் சரி.

நம்ம ஊர் போர்வெல்லுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனாலும் எங்கள் வீட்டில் கழற்றிய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில், தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சே இல்லை. மரையெல்லாம் குழி குழியாக அரித்திருந்தது. கடைக்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் டெஸ்ட் ரிப்போர்ட்டில் குளோரைடு கூடுதலாக இருந்ததால், "304 வேண்டாங்க, 316 போட்டுக்குங்க" என்றார். இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகங்கள். சரியான யோசனை. 316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு, உப்புத் தண்ணீரில் குழி விழுவதைத் தடுப்பது அதுதான். பைப்புகளை இணைக்கும் சாக்கெட்டும் அதே ஸ்டெயின்லெஸ்தான் என்று உறுதியாகச் சொன்னார். வேறொரு கடையில் செலவு குறையும் என்று ஜிஐ சாக்கெட்டைத் தள்ளப் பார்த்தார்கள். இரண்டு உலோகம் உப்புத் தண்ணீரில் ஒட்டி நின்றால் ஜிஐ வேகமாக அரிக்கும். மோட்டாரோடு மொத்தப் பைப்பும் கிணற்றுக்குள் விழ ஒரு சாக்கெட் போதும்!

டெஸ்ட் சர்டிஃபிகேட் கேட்டதும் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். அதிலிருந்த ஹீட் நம்பரும் (எந்த உருக்குத் தொகுதியில் செய்தது என்று காட்டும் எண்) பைப்பில் அடித்திருந்த நம்பரும் ஒன்றாகவே இருந்தன.

ஒரு குறை உண்டு. பைப்புகளை மரைக்கு மூடி போடாமல் வெட்டவெளியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மரை நசுங்கினால் கசிவு அங்கேதான் தொடங்கும். எனக்கு வந்ததில் நசுங்கிய ஒன்றை உடனே மாற்றிக் கொடுத்தார்கள். வண்டி வாடகை தனி. இறக்கும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு முனையையும் பார்த்து வாங்குங்கள்.