ஓதம் பிடித்த சுவரில் வினைல் பலகை: கோத்தகிரியில் நான் ஏமாந்தது

மலையில் வீடு வைத்திருக்கிறவர்கள், முக்கியமாக மழைக்கு முகம் கொடுத்து நிற்கிற சுவர் உள்ளவர்கள், கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படியுங்கள்.

எங்களுடையது கோத்தகிரியில் சரிவில் கட்டிய காங்கிரீட் வீடு. ஐப்பசி, கார்த்திகை மழை கிழக்குச் சுவரை நேராக அடிக்கும். அந்தச் சுவர் எப்போதும் ஓதம்தான். இரண்டு முறை பெயிண்ட் அடித்தோம், இரண்டு முறையும் உப்புப் பூத்து உரிந்துவிட்டது. போன புரட்டாசியில் ஒரு காண்ட்ராக்டர் வந்து பார்த்தார். "அக்கா, வினைல் சைடிங் போட்டுட்டா இந்தச் சுவரை மறந்துடலாம். ஒரு சொட்டு உள்ளே வராது" என்றார். வெளிச்சுவரை மூட வரிசை வரிசையாக அடிக்கிற பிளாஸ்டிக் பலகைதான் இந்த வினைல் சைடிங். சதுர அடி 210 ரூபாய், மொத்தம் 480 சதுர அடி. 70,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, வேலை முடிந்ததும் தருகிறேன் என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

வேலை தொடங்கிய அன்றே மாமா சுவரைத் தொட்டுப் பார்த்து, "தம்பி, இது இன்னும் காயவே இல்லையே" என்று கேட்டார். "பலகை போட்டா தானா காஞ்சிடும் ஐயா" என்று பதில் வந்தது. அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டே நாளில் வேலையை முடித்துவிட்டுப் போனார்கள்.

கார்த்திகையில் படுக்கையறை பீரோவை நகர்த்தினால், பின்சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. பலகை போடுவதற்கு முன்பு இந்த அளவுக்கு இருந்ததே இல்லை. மார்கழியில் வெளியேயும் தொல்லை ஆரம்பித்தது. ராத்திரி குளிர் அடங்கி வெயில் ஏறும்போது பலகைகள் டக் டக் என்று சத்தம் போட்டு, நடுவில் அலை அலையாக உப்பிக்கொண்டு நின்றன.

தை மாதம் பக்கத்துத் தெரு ஆசாரியைக் கூப்பிட்டுக் கீழ்வரிசைப் பலகை ஒன்றைக் கழற்றச் சொன்னேன். தேங்கி நின்ற தண்ணீர் அவர் முழங்கை வழியாக ஓடியது. பின்னால் பலகையைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தும் ரீப்பர் கட்டை இல்லை, ஈரத்தைத் தடுக்கும் ஷீட்டும் இல்லை. காங்கிரீட்டில் நேராக ஆணி அடித்திருந்தார்கள். ஒவ்வொரு ஆணித் தலையும் பிளாஸ்டிக்கில் குழி விழும் அளவுக்கு இறுகியிருந்தது. பலகையின் அடி விளிம்பில் தண்ணீர் வெளியேறச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஒழுகாமல் இருக்கட்டும் என்று அவற்றையும் சிலிக்கான் வைத்து அடைத்திருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது அதைப் பார்த்துத்தான். உள்ளே போன தண்ணீர் வெளியே வர இருந்த ஒரே வழி அது.

வினைல் பலகை தண்ணீரை முழுசாகத் தடுக்கிற பொருளே இல்லை. பெரும்பகுதி மழையைத் தள்ளிவிடும், ஆனால் இடுக்குகளில் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். அதனால் முதலில் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து விரிசலையும் சன்ஷேடையும் சரிசெய்து, சுவரைக் காயவிட வேண்டும். அப்புறம் ஷீட், அதன்மேல் மருந்தடித்த ரீப்பரை 16 அங்குலத்துக்கு ஒன்றாகக் காங்கிரீட்டில் திருகி, அந்தக் கட்டையில்தான் பலகை. ஜன்னலைச் சுற்றித் தண்ணீரை வெளியே திருப்பிவிடும் தகடும் வேண்டும். 12 அடிப் பலகை வெயிலுக்கும் குளிருக்கும் அரை அங்குலம் வரை நீளும், சுருங்கும். அதற்காகத்தான் ஆணி ஓட்டையை நீளவாக்கில் வெட்டியிருக்கிறார்கள். ஆணி அதன் நடுவில் இறங்க வேண்டும், தலைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பலகையின் இரண்டு முனையிலும் கால் அங்குலம் இடம் விட வேண்டும். வேலை நடக்கும்போதே பலகையைப் பக்கவாட்டில் கையால் தள்ளிப் பாருங்கள். நகரவில்லை என்றால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

காண்ட்ராக்டர் இப்போது போன் எடுப்பதில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லியிருக்கிறேன். அடுத்து ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும். பில் இல்லாத குறையை ஜிபே பதிவையும் வாட்ஸ்அப் பேச்சையும் வைத்துத்தான் ஈடுகட்டப் பார்க்கிறேன்.

60 பலகையையும் கழற்றி ஷெட்டில் அடுக்கிவிட்டேன். சுவர் திறந்து கிடக்கிறது, மெதுவாகக் காய்கிறது. கோத்தகிரிப் பக்கம் யாராவது இந்த வேலைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் ஒரு நடை வந்து அந்த ஆணித் தழும்புகளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.