பதினைந்து நாள் இன்டர்ன்ஷிப்பா, ஒரு வருட அப்ரண்டிஸா? கோத்தகிரி பக்கம் ஒரு டீ பேக்டரி அனுபவம்

போன மாதம் கோயம்புத்தூர் இன்ஜினியரிங் காலேஜ் ஒன்றிலிருந்து பிளேஸ்மென்ட் பார்க்கும் சார் போன் செய்தார். எங்கள் பேக்டரியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வருடத்துக்கு இருபது மாணவர்களை இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பட்டுமா என்று கேட்டார். "இருபது பேர் வேண்டாம் சார், படிப்பு முடித்த இரண்டு பேரை ஒரு வருடத்துக்கு அனுப்புங்கள்" என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். குன்னூர், கோத்தகிரி பக்கம் மெயின்டனன்ஸ் பார்க்கும் மற்றவர்களுக்கும் இதே கேள்வி வருவதால், என் காரணத்தை எழுதி வைக்கிறேன்.

மாணவர்கள் தொழிற்சாலையில் வேலை பழக நான் பார்த்த வழிகள் மூன்று. செமஸ்டர் லீவில் பதினைந்து நாளோ ஒரு மாதமோ வரும் இன்டர்ன்ஷிப் ஒன்று. மூன்று வருட டிப்ளமோவை மூன்றரை வருடமாக்கி, நடுவில் மாணவனைத் தொழிற்சாலையில் விடும் சாண்ட்விச் படிப்பு இன்னொன்று. ஐடிஐ, டிப்ளமோ அல்லது டிகிரி முடித்தவரை 1961-ம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி ஒரு வருடம் உதவித்தொகை கொடுத்து வைத்துக்கொள்வது மூன்றாவது.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்டர்ன்ஷிப்புக்குக் காசே ஆகாது. அப்ரண்டிஸுக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டும், ஆனால் டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. ஐடிஐ முடித்தவர்களுக்கு 2016-ல் வந்த திட்டத்தில் 25 சதவீதம், அதிகபட்சம் 1500 ரூபாய். மீதி எங்கள் பாடு, சீசனில் ஒரு நாள் மெஷின் நின்றால் ஆகும் நஷ்டத்துக்கு முன்னால் அது பெரிய தொகை இல்லை.

எனக்கு முடிவைச் சொன்னது நேரம்தான். எங்களுடையது விவசாயிகளிடம் இலை வாங்கி ஓட்டும் பேக்டரி. மதியத்துக்கு மேல் லாரியில் இலை வந்து இறங்கும், சாக்கைப் பிரித்து ட்ரஃப் என்கிற நீளமான தொட்டியில் பரப்பி ராத்திரி முழுக்கக் காற்று விட்டு வாடவைப்போம், விடியற்காலை இருட்டில், இலையை அரைத்துத் தூளாக்கும் சிடிசி மெஷின் ஓட ஆரம்பிக்கும், இலை அதிகமாக வரும் நாளில் அதற்கும் முன்பே. பத்து மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கி நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கும் மாணவன், ஓட்டம் முடிந்து கழுவுகிற மெஷினைத்தான் பார்க்கிறான். இது கடிகாரக் கணக்கு. காலண்டர் கணக்கு இதைவிட மோசம். செமஸ்டர் லீவு என்று அவர்கள் பாதிப்பேர் வருவது டிசம்பரில், இங்கே உறைபனி விழுந்து இலை கருகிக் கிடக்கும் நேரம், வாரத்தில் சில நாள்தான் ஓட்டம். நோட்டு நிறைய படம் வரைந்துகொண்டு போவார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை, ஆர்வமாகக் கேள்வி கேட்ட பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு, காட்டுவதற்கு என்னிடம்தான் ஒன்றும் இருக்காது.

அப்ரண்டிஸ் தம்பி ஒருவன் கதை சொல்கிறேன். ஃபிட்டர் டிரேட் முடித்துவிட்டு ஆகஸ்டில் சேர்ந்தான். சிடிசி மெஷினில் இரண்டு ரோலர் எதிரெதிரே சுற்றும், ஒன்று மெதுவாக, மற்றது அதைப்போலப் பத்து மடங்கு வேகத்தில். நடுவில் மாட்டும் இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு தூளாக விழும். பல் மழுங்கினால் தூள் சரியாக வராது, அதை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தே டீ மேக்கர் சொல்லிவிடுவார். முதல் இரண்டு மாதம் அவன் ரோலரைக் கழற்றுவது, பல் தீட்ட எடுத்துக்கொடுப்பது, திரும்ப மாட்டி இடைவெளி வைப்பது என்று கூடவே நின்றான். அக்டோபரில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வந்தவன், "அண்ணா, மூணாவது கட்டுல சத்தம் மாறியிருக்கு" என்றான். வரிசையாக நிற்கும் ரோலர் ஜோடி ஒவ்வொன்றையும் 'கட்' என்போம். எனக்குக் கேட்கவில்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை பேரிங் இருக்கும் கூட்டின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன், உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி ஒரு கரகரப்பு. அன்றைய ஓட்டத்தை முடித்துவிட்டுப் பகலில் பிரித்தோம். கிரீஸ் கறுத்து, உள் வளையத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழி. ஓட்டத்தின் நடுவில் அது உடைந்திருந்தால் ட்ரஃபில் கிடந்த இலை அத்தனையும் அளவுக்கு மேல் வாடிப் போயிருக்கும். நல்ல சத்தம் எது என்று இரண்டு மாதம் கேட்ட காதுக்குத்தான் கெட்ட சத்தம் பிடிபடும், பதினைந்து நாளில் அதை யாராலும் கற்றுக்கொடுக்க முடியாது.

சாண்ட்விச் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் எங்களிடம் வந்தது ஒரே ஒரு பையன். ஐந்தாறு மாதம் இருந்தான், ஜனவரிப் பனியில் தொடங்கி மே மாத இலை வரத்து வரை பார்த்துவிட்டுப் போனான். படிப்பு முடியும் முன்பே இதைப் பார்ப்பதால், திரும்பிப் போய் வகுப்பில் கேட்பதற்கு அவனிடம் கேள்வி இருக்கும். அது அப்ரண்டிஸில் கிடைக்காத லாபம். இன்னும் நாலைந்து பேர் வந்தால் என் எண்ணம் மாறலாம்.

அப்ரண்டிஸிலும் குறை உண்டு. அரசு போர்ட்டலில் பதிவு, வருகைக் கணக்கு என்று வேலை இருக்கிறது, எங்கள் ஆபீசில் அதைப் பார்ப்பவர் ஒருவர்தான். அப்புறம், பழக்கிய ஐந்து பேரில் மூன்று பேர் வருடம் முடிந்ததும் கோயம்புத்தூர், திருப்பூர் என்று இறங்கிவிட்டார்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அருவங்காடு வெடிமருந்து தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் முடித்தவர் என்றால் இந்த ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அந்த மாதிரி ஒரு பெயர் எங்கள் பிள்ளைகளுக்கும் வரட்டும்.

காலேஜிடம் நான் கேட்பது இன்னொன்றும் உண்டு, ஆசிரியரை அனுப்புங்கள். பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர் இரண்டு வருடம் முன்பு மே மாதம் வந்து இரண்டு ராத்திரி தங்கி, அதிகாலையில், தூளைச் சூடான காற்றில் காயவைக்கும் ட்ரையரின் வாயிலேயே நின்று, சூடு ஏறி இறங்குவதைக் குறித்துக்கொண்டு போனார். அவரிடம் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு முதல் வாரத்திலேயே ட்ரையர் பற்றிப் பாதி தெரிந்திருந்தது.

பிளேஸ்மென்ட் சாருக்குத் திரும்பப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். இன்டர்ன்ஷிப் கட்டாயம் வேண்டுமென்றால் நாலு பேராக, மே மாதம், இங்கேயே தங்குகிற மாதிரி அனுப்புங்கள் என்றேன். பிரின்சிபாலிடம் பேசுகிறேன் என்றிருக்கிறார். ட்ரையர் பக்கத்து ரூமைக் காலி செய்து நாலு கட்டில் போட்டு வைத்திருக்கிறோம், அங்கே குளிர் கொஞ்சம் குறைவு.