ஹாஸ்பிடல் பிளேலிஸ்ட்: ஜியோன் மிடோவுக்காகப் பார்க்க வேண்டிய 24 பகுதிகள்

சுருதி சேராமல் பாடுவது எளிது என்று நினைப்பவர்கள், ‘ஹாஸ்பிடல் பிளேலிஸ்ட்’ என்ற கொரியத் தொலைக்காட்சித் தொடரில் சே சோங்-ஹ்வா மைக்கைப் பிடிக்கும் இடங்களைக் கவனிக்க வேண்டும். மூளை, நரம்பு அறுவை சிகிச்சைப் பேராசிரியை. மருத்துவ நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்த இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். பாட வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. பாடினால் ஸ்வரம் பிடிபடாது. அந்த வேடத்தில் நடிப்பவர் ஜியோன் மிடோ. 2006இல் இசை நாடக மேடையேறி, சியோலின் பெரிய அரங்குகளில் கதாநாயகியாகப் பாடியவர்.

காது நன்றாக உள்ள பாடகருக்கு அபசுரம் பாடுவது கடினம். தவறிய உடனே குரல் தானாகச் சரியான இடத்துக்கு ஓடி வந்துவிடும். ஜியோன் மிடோ அதை ஓட விடுவதில்லை. ஸ்வரத்தை ஒரு நூலிழை கீழே பிடித்து அங்கேயே நிற்கிறார். தாளத்தை மட்டும் விடுவதில்லை, ஏனென்றால் சோங்-ஹ்வா பேஸ் வாசிப்பவர், காலப்பிரமாணம் அவருக்குக் கைவந்தது. முகத்திலும் வெட்கம் கிடையாது. தன் பிழை தன் காதுக்குக் கேட்காதவரின் நிம்மதி முழுதாக இருக்கிறது. சிரிப்புக்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செய்திருந்தால் அந்தப் பாத்திரமே கெட்டிருக்கும்.

தொடரின் விவரம்: இயக்கம் ஷின் வோன்-ஹோ, எழுத்து லீ வூ-ஜங். டிவிஎன் அலைவரிசையில் 2020இலும் 2021இலும் இரண்டு பருவங்களாக, பருவத்துக்கு 12 பகுதிகள் வீதம் வந்தது, நெட்ஃப்ளிக்ஸில் பார்க்கலாம். கொரியாவில் வாரம் இரண்டு பகுதி என்பதே வழக்கம், இது வியாழன்தோறும் ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதனால் ஒவ்வொரு பகுதியும் நீளம். பெரும்பாலானவை ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது, சில ஒன்றரை மணியையும் தாண்டும். ஒரே இரவில் நாலைந்து பார்ப்பது இதற்குச் சரிவராது. நாளுக்கு ஒன்று போதும்.

முதல் இரண்டு பகுதிகளில் தடுமாறுவது இயல்பு. ஐந்து மருத்துவர்கள், அவர்களுக்குக் கீழே பயிற்சி மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என்று முப்பது முகங்கள் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். பெயர்களை மனப்பாடம் செய்யப் போராட வேண்டாம். யார் எந்தத் துறை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் மூன்றாம் பகுதியில் எல்லாம் தெளிந்துவிடும். சோங்-ஹ்வா நரம்பியல், இக்-ஜுன் கல்லீரல், ஜுன்-வான் இதயம், ஜியோங்-வோன் குழந்தைகள், சோக்-ஹியோங் மகப்பேறு.

ஒலியைக் கட்டாயம் கொரிய மொழியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஜியோன் மிடோவின் நடிப்பில் பாதிக்கு மேல் குரலில் இருக்கிறது. அறுவை அரங்கில் முகக்கவசம் மூக்குவரை மறைத்துவிடும். மிஞ்சுவது கண்ணும் குரலும்தான். தொலைக்காட்சி நடிகர்கள் பலர் அங்கே புருவத்தை அதிகம் ஆட்டத் தொடங்குவார்கள். இவர் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைச் சற்றே இறக்கி நிறுத்துகிறார், அவ்வளவுதான். அதிலேயே எதிரில் நிற்கும் பயிற்சி மருத்துவர் சரியாகச் செய்தாரா இல்லையா என்று நமக்குத் தெரிந்துவிடும்.

ஆங்கில வசனவரிகளில் போய்விடும் முக்கியமான ஒன்று, மரியாதை. கொரிய மொழியில் வினையின் முடிவு எல்லாவற்றையும் சொல்லிவிடும். ‘யோ’ என்றோ ‘நிதா’ என்றோ முடிந்தால் மரியாதைப் பேச்சு. அது இல்லாவிட்டால் உரிமைப் பேச்சு. ஐந்து நண்பர்களும் தங்களுக்குள் பேசுவது நம் ‘வாடா, போடி’ போல. பயிற்சி மருத்துவர்கள் சோங்-ஹ்வாவை அழைப்பது ‘க்யோசூநிம்’, அதாவது பேராசிரியர் என்று. ஆங்கிலத்தில் இரண்டுமே ஒரே ‘யூ’ ஆகிவிடுகிறது. நீ, நீங்கள் என்று பிரித்துப் பழகிய தமிழ்க் காதுக்கு இந்த வேறுபாடு விரைவில் பிடிபடும். சோங்-ஹ்வாவை விரும்பும் இளைய மருத்துவர் சி-ஹோங், மரியாதையை விட்டுப் பேச அனுமதி கேட்கும் காட்சியின் கனம் இது தெரிந்தால்தான் முழுதாக இறங்கும்.

இசைக்குழுக் காட்சிகளைத் தாவிச் செல்ல வேண்டாம். ஐந்து நடிகர்களும் கருவிகளைப் பழகித் தாங்களே வாசித்தார்கள். ஜியோன் மிடோ இந்தத் தொடருக்காகவே பேஸ் கற்றார். ஹெட்போனில் கேட்டால் பேஸும் டிரம்ஸின் அடியும் எங்கே சேர்கின்றன என்று தெரியும். தொலைக்காட்சியின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கரைந்துவிடுகிறது, அவர் வேலையே கேட்காது. நடிகராக இருந்துகொண்டே கருவி வாசிப்பது அவருக்குப் புதிதும் இல்லை. 2014இல் சியோலில் மேடையேறிய ‘ஒன்ஸ்’ இசை நாடகத்தில் தனி வாத்தியக்குழு கிடையாது, நடிகர்களே வாசிக்க வேண்டும். அதில் அவர் பியானோவில் அமர்ந்தார்.

அவருடைய உண்மையான பாட்டுக்குரலைக் கேட்க, ஒலித்தொகுப்பில் உள்ள ‘சாரங்ஹாகே தோல் ஜுல் ஆராஸ்ஸோ’ பாடலைத் தேடுங்கள். ‘காதலிப்பேன் என்று அறிந்திருந்தேன்’ என்று பொருள் கொள்ளலாம். பாடகி ஷின் ஹ்யோ-பம் முன்பே பாடிய பாட்டு. ஜியோன் மிடோ அதைப் பெரிதாக்காமல், பேசுவதற்குப் பக்கத்தில் வைத்துப் பாடுகிறார். முதல் பருவத்தைப் பாதியாவது பார்த்துவிட்டுக் கேட்டால், சுருதி சேராத சோங்-ஹ்வா நினைவுக்கு வந்து இரட்டிப்பாகச் சுவைக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சோங்-ஹ்வாவை எழுத்தாளர் அளவுக்கு மீறி நல்லவராக எழுதிவிட்டார். எல்லோருடைய துன்பத்தையும் கேட்பவர். தன்னுடையதைச் சொல்லும் இடம் முதல் பருவத்தில் மிகக் குறைவு. வேகமாகச் சாப்பிடுவது, கூடாரம் அடித்துத் தங்கும் கேம்பிங் போவது போன்ற சிறு பழக்கங்களை வைத்துத்தான் நடிகை அந்த வெற்றிடத்தை நிரப்புகிறார். இரண்டாம் பருவத்தில் தாயின் உடல்நிலை தெரியவரும் இடத்தில்தான் எழுத்து அவருக்குக் கடனைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்தப் பருவத்தின் நடுப்பகுதி இழுவைதான், காதல் கதைகள் ஒரே இடத்தில் சுற்றுகின்றன.

மேடையிலிருந்து வந்தவர் ஜியோன் மிடோ மட்டும் இல்லை. ஜுன்-வானுக்குக் கீழே வேலை செய்யும் தோ ஜே-ஹாக் வேடத்தில் வரும் ஜங் மூன்-சுங், 2016இல் சியோலின் சிறிய அரங்கொன்றில் தொடங்கிய ‘மேபி ஹேப்பி எண்டிங்’ இசை நாடகத்தில் ஆலிவர் வேடம் ஏற்றவர்களில் ஒருவர். கிளேர் வேடத்தை முதலில் ஏற்றவர்களில் ஜியோன் மிடோ ஒருவர். பழுதாகிக்கொண்டிருக்கும் இரண்டு உதவி ரோபோக்களின் காதல்தான் கதை. நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் வந்த அதன் வடிவம் 2025இல், அமெரிக்க நாடகத்துக்கான டோனி விருதுகளில் சிறந்த இசை நாடகம் உட்பட 6 விருதுகளைப் பெற்றது. ஜியோன் மிடோ அதே 2016இல் ‘ஸ்வீனி டாட்’ இசை நாடகத்தில் மிசஸ் லவ்வெட், அதற்கு முன் 2012இல் ‘டாக்டர் ஷிவாகோ’வில் லாரா. சில நூறு பேர் அமரும் அரங்குக்கும் 1,000 பேருக்கு மேல் அமரும் சியோலின் சார்லட் தியேட்டருக்கும் குரலை மாற்றி மாற்றிப் பழகியவர், கேமராவுக்கு முன்னால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சரியாகக் கணக்கிட்டிருக்கிறார்.

அடுத்து என்ன பார்ப்பது? 2022இல் வந்த ‘தேர்ட்டி நைன்’, 12 பகுதிகள். நடிகையாக விரும்பி நடிப்புப் பயிற்சியாளரான சான்-யங்கின் நோய்க்கதை, அந்த வேடம் ஜியோன் மிடோவுக்கு. காதல் பக்கம் பலவீனம், தோழிகள் மூவரும் சேரும் காட்சிகள் அருமை. ‘ஹாஸ்பிடல் பிளேலிஸ்ட்’ முடித்த உடனே இதைத் தொடங்க வேண்டாம், மனம் தாங்காது. இடையில் ஒரு மாதம் விடுங்கள். 2024இல் எஸ்பிஎஸ் அலைவரிசையில் வந்த ‘கனெக்ஷன்’ 14 பகுதிகள். அதில் அவர் பணத்தையும் உண்மையையும் ஒன்றாகத் துரத்தும் நிருபர். சோங்-ஹ்வாவின் மென்மை ஒரு துளியும் இல்லை.

சியோலுக்குப் போய் அவரை மேடையில் பார்க்க விரும்புபவர்கள், நாடகத்தின் பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் எடுக்கக் கூடாது. கொரிய இசை நாடகங்களில் ஒரே வேடத்தை இரண்டு, மூன்று பேர் மாறி மாறி ஏற்பார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் யார் நடிக்கிறார் என்ற அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுவார்கள். தேதியையும் நேரத்தையும் அதோடு ஒப்பிட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். மதியக் காட்சியில் ஒருவர், இரவுக் காட்சியில் இன்னொருவர் என்பதும் உண்டு.