டயல் மாற்றியபின் ஸ்பீடு முள் மந்தமா? கேபிள், பினியன் என்று காசு கொடுத்துவிடாதீர்கள் (சேலம் அனுபவம்)

பழைய கார் வைத்திருப்பவர்கள், அதிலும் மாருதி 800 மாதிரி கேபிள் மீட்டர் வண்டி (கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள்தான் ஸ்பீடு முள்ளை ஓட்டும்) வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் டயல், அதாவது மீட்டரில் எண்கள் போட்ட முகப்பு, மாற்றப் போங்கள். வெள்ளை டயல், ராத்திரியில் நீலமாக எரியும் டயல் என்று ஆக்சசரீஸ் கடைகளில் போட்டுக் கொடுக்கிறார்கள். போடுவதில் தப்பில்லை. போட்டபிறகு முள் மந்தமானால் அவர்கள் சொல்லும் கதைதான் பிரச்சினை.

என்னுடையது மாருதி 800. ஐந்து ரோடு பக்கம் ஒரு கடை, பெயர் வேண்டாம். டயலும் கூலியும் சேர்த்து 1800 ரூபாய். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அஸ்தம்பட்டி தாண்டுவதற்குள் கோளாறு தெரிந்துவிட்டது. மற்ற வண்டிகளோடு சமமாகப் போய்க்கொண்டிருக்கிறேன், முள் 20-லேயே உட்கார்ந்திருக்கிறது, திடீரென்று ஓர் உதறு உதறி 40-க்குத் தாவுகிறது. சிக்னலில் வண்டி நின்ற பிறகும் 10-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. டேஷ்போர்டைத் தட்டினால் டக்கென்று பூஜ்யத்துக்கு வருகிறது.

ஏற்காடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவு ஒன்றில் முள் 40-ல் மாட்டிக்கொண்டது. வண்டி இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டிருக்கிறது, பக்கத்திலிருந்த மனைவி "ஏங்க, நாற்பதுலயா வளைவு திருப்புறீங்க?" என்று கத்தினாள். அது சிரிப்புக்கு. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் 50 காட்டிக்கொண்டிருந்தது, பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி போனில் ஜிபிஎஸ் பார்த்து 68 என்றான். அங்கே சிரிப்பு வரவில்லை. அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்று சேலம், தர்மபுரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேகத்துக்கு ஃபைன் போட்டால் "முள் 50 தான் காட்டுச்சு சார்" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு காருக்கு 1000 ரூபாய்க்குக் குறையாது.

சரி, கடைக்குத் திரும்பப் போனேன். மீட்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "கேபிள் காஞ்சு போச்சு சார், பழைய வண்டி இல்ல" என்று கேபிள் மாற்றி 650 வாங்கினார்கள். மாற்றமே இல்லை. அடுத்த முறை "கியர்பாக்ஸ்ல மீட்டர் பினியன் பல்லு தேஞ்சிருக்கு" (கேபிளைச் சுற்றிவிடும் சின்னப் பல்சக்கரம்தான் பினியன்), அதற்கு 900. கழற்றிய பினியனைக் காட்டுங்கள் என்றேன். "குப்பையில போயிடுச்சு சார்." அதற்கும் அடுத்த முறை "மீட்டரே போச்சு, புதுசு போட்டா 4500 ஆகும்" என்றார்கள். அங்கேதான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கேபிளுக்குள் சுழலும் கம்பி மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தின்மேல், அதைத் தொடாமல் ஆனால் ரொம்ப நெருக்கமாக, ஓர் அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது. காந்தம் சுற்றும்போது அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கிறது. முடி மாதிரி மெல்லிய ஸ்பிரிங் ஒன்று அதைத் திரும்ப விடாமல் இழுக்கிறது. இந்த இழுபறி எங்கே சமமாகிறதோ அதுதான் முள் காட்டும் வேகம். முள் அந்தக் கிண்ணத்தின் தண்டில்தான் செருகியிருக்கிறது. இதில் இருக்கும் விசை ரொம்பக் கொஞ்சம், முள்ளின் அடிக்குமிழ் டயலில் லேசாக உரசினாலே போதும், நின்றுவிடும்.

கிலோமீட்டர் எண்கள் ஓடுவது அதே கேபிளில்தான் என்றாலும், அது பல்சக்கரம் வழியாக நேரடியாக ஓடுகிறது, கிண்ணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதனால் ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லை வைத்துப் பாருங்கள். பெங்களூர் ரோட்டில் ஓமலூர் தாண்டி நேராக ஒரு 10 கிலோமீட்டர் போனால் மீட்டரிலும் 10 ஏறுகிறதா? ஏறினால் கேபிளும் பினியனும் நன்றாக இருக்கின்றன. பினியன் பல் போயிருந்தால் இந்தக் கணக்கும் சேர்ந்து குறையும். இன்னொன்று, வண்டி நின்றால் கேபிளும் நின்றுவிடும். நின்றுபோன கேபிள் முள்ளை எப்படி 10-ல் பிடித்து வைத்திருக்கும்? கேபிள் காய்ந்தால் முள் நடுங்கும், கீச்சென்று சத்தம் வரும், அது வேறு நோய்.

கடைசியில் செவ்வாய்பேட்டையில் ஒருவர் கிடைத்தார். லாரி மீட்டர், டாக்சி மீட்டர் எல்லாம் பிரித்துப் போடுகிற வயசானவர். கண்ணாடியைக் கழற்றி, முள்ளை விரல் நுனியால் 80 வரை தள்ளி விட்டார். அது 30-ல் நின்றது. "தம்பி, பழைய டயலை எடுக்கவே இல்ல, அதுக்கு மேலயே ஒட்டியிருக்கான் பாரு" என்றார். முள்ளின் இரண்டு பக்கமும் டீ ஸ்பூன் கொடுத்து ஒரே சீராக நெம்பி எடுத்தார். ஒரே பக்கமாக ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பினால் தண்டு வளைந்துவிடுமாம். முள்ளுக்கு அடியில் வெள்ளை டயலில் அரைவட்டமாக ஒரு சாம்பல் கீறல், நடு ஓட்டையும் ஒரு பக்கம் ஒதுங்கி வெட்டப்பட்டிருந்தது. இரண்டு டயல் கனத்துக்கு மேல் முள்ளை அடிவரை அழுத்தியிருக்கிறார்கள், உரசாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்குப் புதுக் கேபிளில் ஊற்றிய எண்ணெய் மேலேறிக் கிண்ணத்தையே நனைத்திருந்தது.

அப்புறம் அவரே பானட்டைத் திறந்து கியர்பாக்ஸைக் காட்டினார். பினியனைப் பிடித்திருக்கும் போல்ட்டில் பழைய கிரீஸும் மண்ணும் கட்டியாக இறுகிக் கிடந்தது, ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை. அந்த 900 ரூபாய் எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

புது டயலை எடுத்துவிடுங்கள் என்றேன். சூடு காட்டி உரித்தார், கிண்ணத்தைத் துடைத்தார், கேபிள் நுனியில் சின்ன மோட்டாரை மாட்டி நிமிஷத்துக்கு 637 சுற்று ஓட விட்டார். இந்த மாதிரி ஜப்பான் வழி மீட்டர்களுக்கு அதுதான் 60 கிலோமீட்டர் வேகம். சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள்ளை 60-க்கு நேராகச் செருகி, விசிட்டிங் கார்டு அடியில் நுழையும் அளவு இடைவெளி விட்டார். கூலி 300 ரூபாய். பசையோடு சேர்ந்து 60-ல் பாதி எண் உரிந்து வந்துவிட்டது, போகட்டும். கண்ணாடியைக் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்க்காதே, மின்னேற்றம் பிடித்து முள்ளை இழுக்கும் என்றும் சொல்லி அனுப்பினார்.

டயல் மாற்றியே ஆக வேண்டும் என்றால் உங்கள் எதிரிலேயே மாற்றச் சொல்லுங்கள். முள்ளை எடுக்கும் முன் அது நிற்கும் இடத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வேகத்திலும் ஒரே அளவு, 10 கூடவோ குறையவோ காட்டினால் முள்ளைத் தப்பான இடத்தில் செருகியிருக்கிறார்கள். ஒட்டி ஒட்டித் தாவினால் உரசுகிறது. இரண்டுக்குமே எந்தப் பார்ட்ஸும் வாங்கத் தேவையில்லை. புது வண்டிகளில் சென்சார்தான், மீட்டருக்குக் கேபிளே கிடையாது, அதற்கும் கேபிள் என்று எவனாவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். முள்ளுக்குப் பின்னால் குட்டி மோட்டார் இருக்கிற மாடல்களில் கையால் முள்ளைத் திருப்பவும் கூடாது, பல் போய்விடும்.

உரித்த டயலையும் போல்ட் போட்டோவையும் கொண்டுபோய் அந்தக் கடையில் காட்டினேன். "கேபிள் மாத்தினதாலதான் சார் இப்ப ஓடுது" என்றார் முதலாளி, சிரிக்காமல். கொஞ்சம் சத்தம் போட்டபிறகு 650-ஐத் திருப்பித் தந்தார். பினியன் காசுக்கு மட்டும் பிடிகொடுக்கவில்லை. பில் கையில் இருந்ததால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். அது என்னவானது என்று பிறகு எழுதுகிறேன்.