ரிவரும் டிரைபலும்: பிரிட்டிஷ் நாசகாரிகளின் இரண்டு தலைமுறைகள்

1903-க்கும் 1909-க்கும் இடையில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த நாசகாரிக் கப்பல்களில் (டெஸ்ட்ராயர் எனப்படும் விரைவான சிறு போர்க்கப்பல்களில்) ஒன்றுக்கொன்று நேரெதிரான எண்ணத்தில் பிறந்தவை ரிவர் வகையும் டிரைபல் வகையும். முன்னதற்கு ஆறுகளின் பெயர்கள், பின்னதற்கு இனக்குழுக்களின் பெயர்கள். எது சிறந்தது என்ற கேள்வி அன்றே எழுந்தது. என் தேர்வு ரிவர்தான். ஆனால் அந்தத் தேர்வு இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள டோவர் நீரிணையில் மட்டும் செல்லாது.

ரிவருக்கு முந்தைய நாசகாரிகள் மணிக்கு 30 கடல் மைல் ஓடுவதாகப் பெயர் பெற்றிருந்தன. அந்த வேகம், பாரமேற்றாமல், அமைதியான நீரில், கொதிகலனுக்கு நிலக்கரி போடுவதில் தேர்ந்த நெருப்பாளர்களைக் கொண்டு நடத்திய சோதனை ஓட்டத்தில் கிடைத்தது. அலை எழும்பினால் ஆமை முதுகு போல் வளைந்து தாழ்ந்த அவற்றின் முன்தளம் நீருக்குள் புதைந்துவிடும். 1901 செப்டம்பரில் 'கோப்ரா' என்ற டர்பைன் (நீராவியால் சுழலும் இயந்திரம்) நாசகாரி வட கடலில் இரண்டாக முறிந்து மூழ்கியபோது, இவ்வளவு மெல்லிய உடலை நம்பலாமா என்ற ஐயம் வலுத்தது. அதற்கு முன்பே திட்டமிடப்பட்டிருந்த ரிவர் வகை அந்த ஐயத்துக்கு ஏற்ற விடையாக அமைந்தது. ஏறத்தாழ 550 டன் எடையும், உயர்த்திக் கட்டிய முன்தளமும் கொண்ட இக்கப்பல்களிடம் பாரமேற்றிய நிலையில் 25.5 கடல் மைல் வேகமே கோரப்பட்டது. காகிதத்தில் இது பின்னடைவு; திறந்த கடலிலோ பழைய 30 மைல் கப்பல்களால் இவற்றை விட்டுவிட்டு ஓட முடியவில்லை.

1904 அக்டோபரில் கடற்படைத் தலைமைக்கு வந்த ஜான் பிஷருக்கு இந்த நிதானம் பிடிக்கவில்லை. அவர் கேட்டது வேகம். அதன்படி வந்ததே 33 கடல் மைல் வேகமும், டர்பைன் இயந்திரமும், முழுக்க எண்ணெய் எரிக்கும் கொதிகலன்களும் கொண்ட டிரைபல் வகை. மொத்தம் 12 கப்பல்கள், ஆனால் ஒன்றைப் போல் ஒன்று இல்லை: 'வைக்கிங்' ஆறு புகைபோக்கிகளுடன் வந்தது, முதல் ஐந்தும் 12 பவுண்டு குண்டை எறியும் '12 பவுண்டர்' பீரங்கிகளையும், பின்வந்த ஏழும் 4 அங்குலப் பீரங்கிகள் இரண்டையும் சுமந்தன. வேகத்தில் குறை சொல்ல வழியில்லை. 'டார்ட்டர்' சோதனையில் 35 மைலைத் தாண்டியது. குறை எண்ணெய்த் தொட்டியில் இருந்தது. 'அப்ரிடி', 'அமேசான்' ஆகிய இரண்டும் மூன்று மைல் தொலைவிலிருந்த எண்ணெய்க் கிடங்குக்குப் போய்வருவதற்கே ஒவ்வொன்றும் 9.5 டன் எண்ணெயைச் செலவிட்டதாக ஒரு கணக்கு உண்டு. பசியாறப் போகும் வழியிலேயே பாதிச் சோற்றைத் தின்று தீர்த்த கதைதான்.

1914-இல் முதல் உலகப் போர் வந்தபோது இந்த வேறுபாடு வரைபடத்திலேயே தெரிந்தது. ரிவர் கப்பல்கள் சீனக் கடல் வரை பரவியிருந்தன. ஆகஸ்ட் 22 அன்று சீனாவில் ஜெர்மனி வசமிருந்த சிங்டாவ் துறைமுகத்துக்கு அருகே 'கென்னட்', ஜெர்மனியின் எஸ்-90 என்ற டார்பிடோக் கப்பலைத் துரத்திச் சென்று அடிபட்டுத் திரும்பியது. ரிவரின் உயர்ந்த முன்தளத்துக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவதே அந்த எஸ்-90 வகைதான் என்பதால், ஒரு வகையில் இது மூத்தவனுக்கும் இளையவனுக்கும் நடந்த சண்டை.

அங்கிருந்து பல ரிவர் கப்பல்கள் துருக்கியின் தார்டனெல்ஸ் நீரிணைக்கு வந்தன. 1915 மார்ச் 18 அன்று 'இர்ரெசிஸ்டிபிள்' போர்க்கப்பல் கண்ணிவெடியில் சிக்கியபோது, அதிலிருந்து 600-க்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு வந்தது 'வியர்'. 'கோல்ன்' செய்தது இன்னும் நுட்பமான வேலை. அந்நீரிணையை ஒட்டிய கல்லிபோலியில் துருக்கியரின் ஒரு காவல் நிலையை அது பல வாரங்கள் இரவு ஒன்பது மணிக்குத் தேடுவிளக்கால் ஒளியூட்டிச் சுட்டு, துருக்கியரை அந்நேரத்தில் பதுங்கிக்கொள்ளப் பழக்கியது. ஆகஸ்ட் 6 இரவு அதே விளக்கின் கூச்சத்தை மறைவாகக் கொண்டு நியூசிலாந்தின் ஆக்லாந்து குதிரைப்படையினர் மேலேறி அந்நிலையைக் கைப்பற்றினர். இதற்கு வேகம் தேவைப்படவில்லை. வாரக்கணக்கில் ஒரே கரையோரத்தில் நின்று தாக்குப்பிடிக்கும் கப்பல் தேவைப்பட்டது. தாய்நாட்டுக் கடலில் 'கேரி', 1918 ஜூலையில் ஜெர்மனியின் யூபி-110 நீர்மூழ்கியை முட்டி மூழ்கடித்தது. தன் முன்பகுதி சிதைந்ததால் துறைமுகம் வரை பின்னோக்கியே ஓடியது. அதன் தலைவர் டைட்டானிக்கில் இரண்டாம் அதிகாரியாக இருந்து உயிர் பிழைத்த லைட்டோலர்.

டிரைபல்களோ டோவரை விட்டு அதிகம் நகரவில்லை. ஆனால் குறுகிய அந்த நீரிணையில் எண்ணெய்க் கிடங்கு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விரைந்து பாய்வதே அங்கு முதல் தேவை. 1915 மார்ச் 4 அன்று 'கூர்கா' இழுத்துச் சென்ற வெடிப்பொறி யூ-8 நீர்மூழ்கியை மேலே வரவைத்தது. 'கூர்கா'வும் 'மாவோரி'யும் சேர்ந்து சுட்டு அந்த நீர்மூழ்கியின் கதையை முடித்தன. இரண்டு மாதத்தில் 'மாவோரி' பெல்ஜியக் கரையருகே கண்ணிவெடிக்கு இரையானது. 1917 பிப்ரவரியில் 'கூர்கா'வும் அதே வழியில் போனது.

எரிபொருள் விஷயத்தில் மட்டும் பிஷரின் கணிப்பே வென்றது என்பதை ரிவர் பக்கம் நிற்பவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். டிரைபலுக்குப் பின் வந்த பீகிள் வகையில் கடற்படை செலவுக்கும் எண்ணெய் வரத்துக்கும் அஞ்சி நிலக்கரிக்குத் திரும்பியது; அடுத்த அகார்ன் வகையிலேயே மீண்டும் எண்ணெய்க்கு வந்துவிட்டது. உடலமைப்பில் ரிவரின் உயர்ந்த முன்தளமும், இயந்திரத்தில் டிரைபலின் டர்பைனும் எண்ணெயும் பின்னாள் நாசகாரிகளில் ஒன்று கூடின.

டிரைபல்களில் இரண்டு மெய்யாகவே ஒன்று கூடியதும் உண்டு. 1916 அக்டோபரில் 'நூபியன்' டார்பிடோவால் முன்பகுதியை இழந்தது. நவம்பரில் 'சூலு' கண்ணிவெடியால் பின்பகுதியை இழந்தது. இரண்டின் அகலமும் மூன்றரை அங்குலம் வேறுபட்டபோதிலும், சாத்தம் கப்பல் கட்டும் தளத்தில் மிஞ்சிய பாதிகளை இணைத்து, 1917 ஜூனில் 'சூபியன்' என்ற பெயரில் மீண்டும் டோவருக்கே அனுப்பினார்கள்.